விழா அலங்காரப் பொருட்களை எடுத்து வைப்பதும் மறுபடி பயன்படுத்துவதும்: மலைப் பகுதி வீடுகளிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் எங்கள் தெரு மகளிர் குழு சில ஆண்டுகளாக அலங்காரப் பொருட்களைப் பொதுவில் வைத்துப் பராமரித்து வருகிறது. பிறந்தநாள், வளைகாப்பு, பூப்புனித நீராட்டு விழா, புதுமனை புகுவிழா, கிறிஸ்துமஸ் என எந்த நிகழ்ச்சியானாலும் வேண்டியவர்கள் பெட்டியை எடுத்துச் சென்று, முடிந்ததும் திருப்பித் தருவார்கள். பெட்டிகளின் பொறுப்பு என்னிடம் இருப்பதால் ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப என்னிடம் வருகின்றன. சமவெளி வீடுகளுக்காகச் சொல்லப்படும் யோசனைகள் பல இங்கே பொருந்துவதில்லை. நம் பொருட்களைக் கெடுப்பது பெரும்பாலும் மூடுபனியும் மழைக்கால ஈரமும்தான். கேட்டவர்களின் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே வைத்து, எனக்குத் தெரிந்ததைக் கீழே எழுதியிருக்கிறேன்.

எதை எடுத்து வைக்கலாம், எதை விட்டுவிடலாம்?

துணி, மரம், மூங்கில், உலோகம், கண்ணாடி, எல்.இ.டி. விளக்குச் சரம் ஆகியவற்றைத் தயங்காமல் எடுத்து வைக்கலாம். கெட்டி அட்டையில் வெட்டிய எழுத்துகளும் உருவங்களும், மடங்காமல் படுக்கையாக வைக்கப்பட்டால், நான்கைந்து விழாக்களுக்கு வரும். கிரேப் காகிதம் இரண்டாம் முறைக்கு வந்தாலே பெரிது. அது சுருக்கம் இழந்து தொய்ந்துவிடுவதோடு, சிறிது பனி பட்டாலும் சாயம் இறங்கி, உடன் இருக்கும் வெள்ளைத் துணியையும் கெடுத்துவிடும்.

தெர்மகோல் அலங்காரம், பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி, பிளாஸ்டிக் கொடி, 100 மைக்ரானுக்குக் குறைவான பி.வி.சி. பேனர் ஆகியவை 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டவை. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலே ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை உள்ளது. ஆகவே இவற்றை எடுத்து வைப்பதா என்ற கேள்வியே எழாதபடி, வாங்காமல் இருப்பதுதான் சரி.

விழா முடிந்த இரவே எல்லாவற்றையும் அவிழ்க்க வேண்டுமா? உடம்பு அசந்துபோய்விடுகிறதே.

வெளியே கட்டியதை அன்றிரவே அவிழ்த்து உள்ளே கொண்டுவந்துவிட வேண்டும். ஜனவரி மாதத்துத் தெளிந்த வானமாக இருந்தாலும், விடிவதற்குள் பனி இறங்கித் துணி முழுவதும் நனைந்திருக்கும். வீட்டுக்குள் கட்டியது காலை வரை காத்திருக்கலாம். அசதியில் இழுத்துக் கிழிப்பதைவிடத் தூங்கி எழுந்து நிதானமாக அவிழ்ப்பது நல்லது.

அவிழ்ப்பது எளிதாக இருக்க வேண்டுமானால் கட்டும்போதே யோசித்திருக்க வேண்டும். செல்லோடேப் ஒட்டிய அட்டை பிரிக்கும்போது தோல் உரிந்து வரும். நூலாலோ துணி காயப்போடும் கிளிப்பாலோ மாட்டியது அப்படியே வரும். ஏற்கெனவே ஒட்டிய பசையை நீக்க, நம் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும் நீலகிரித் தைலத்தைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் போதும். ஆனால் சாயம் பூசிய பரப்பிலும் மென்மையான பிளாஸ்டிக்கிலும் ஓரத்தில் சிறிது தடவிப் பார்த்த பிறகே துடைக்க வேண்டும்.

மழைக்காலத்தில் வெயிலே வருவதில்லை. எப்படிக் காய வைப்பது?

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையும், கூடலூர்ப் பக்கத்தில் ஜூன் முதல் செப்டம்பர் வரையும் இந்தக் கேள்வி வராத வீடு இல்லை. கொடைக்கானலில் இருக்கும் என் தங்கையும் ஐப்பசி மாதத்தில் இதையேதான் கேட்கிறாள். வீட்டுக் கூடத்தில் கயிறு கட்டி, துணிகள் ஒன்றின்மேல் ஒன்று படாமல் தொங்கவிட்டு, மின்விசிறியை மெதுவாக ஓடவிட்டு, இரண்டு மூன்று நாள் பொறுத்திருப்பதைத் தவிர வேறு குறுக்குவழி இல்லை. காய்ந்துவிட்டதா என்று கையால் தொட்டுப் பார்ப்பதைவிடக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பது நம்பகமானது. சில்லென்று பட்டால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். தைத்த ஓரங்களிலும் மடிப்புகளிலும்தான் ஈரம் கடைசி வரை ஒளிந்திருக்கும்.

அவசரத்துக்காகக் கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைத்துக் காய வைக்க வேண்டாம். கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளிருக்காக இப்படிக் கரி மூட்டிய அறைகளில் உறங்கியவர்கள் இந்த மலைகளில் உயிரிழந்திருக்கிறார்கள். அவ்வளவு அவசரம் எந்தத் தோரணத்துக்கும் இல்லை.

தகரப் பெட்டியா, அட்டைப் பெட்டியா, பிளாஸ்டிக் பெட்டியா? எது நல்லது?

முந்தைய பதிலில் சொன்னபடி பொருள் முழுவதும் காய்ந்திருந்தால், இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியே முதல் தேர்வு. வெளியில் உள்ள ஈரக் காற்றை அது உள்ளே விடாது. ஆனால் அரைகுறை ஈரத்தோடு மூடினால், அதே இறுக்கம் ஈரத்தை வெளியே விடாமல் அடைகாத்து, வேறு எந்தப் பெட்டியையும்விட வேகமாகப் பூசணம் வளர்த்துவிடும்.

பாட்டி காலத்துத் தகரப் பெட்டியை ஒதுக்க வேண்டியதில்லை. இரவில் தகரம் சட்டென்று குளிர்வதால் உள்ளே இருக்கும் காற்றின் ஈரம் அதன் சுவரில் முத்துமுத்தாகப் படியும். எனவே உட்புறம் முழுவதும் பழைய பருத்தி வேட்டியை இரண்டு மடிப்பாக விரித்து, அதற்குள் பொருளை வைக்க வேண்டும். அட்டைப் பெட்டியை மலையில் நான் பரிந்துரைப்பதில்லை. அட்டை ஈரத்தை உறிஞ்சுவதுடன், அதிலுள்ள பசைக்காகச் செல்லுப்பூச்சியும் வந்து சேரும். சிறிய மணிகள், கண்ணாடி உருண்டைகள் போன்றவற்றுக்குப் பழைய பிஸ்கட் டின் போதும்.

அடுக்கும் முறைக்குக் கொலு வைப்பவர்களைப் பாருங்கள். கனமானது அடியில், உடையக்கூடியது மேலே, ஒவ்வொன்றும் தனித்தனியாக மெல்லிய பழந்துணியில் சுற்றப்பட்டு, மூடியின் உட்புறத்தில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலோடு இருக்கும். வெள்ளைத் துணியையும் வெளிர்நிறப் பொருட்களையும் செய்தித்தாளில் சுற்ற வேண்டாம். அச்சு மை ஒட்டிக்கொள்ளும்.

வீட்டில் எங்கே வைப்பது? பரண்மேல்தான் இடம் இருக்கிறது.

ஓட்டுக் கூரைக்கோ தகரக் கூரைக்கோ நேர் கீழே உள்ள பரண், ஈரத்துக்கு மிக மோசமான இடம். கூரைத் தகடு இரவில் வியர்த்துச் சொட்டும். தரையும் வெளிச்சுவரும் அதே அளவு குளிர்ந்தவை. வீட்டின் உட்சுவரை ஒட்டி, தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரத்தில் பலகை போட்டு, சுவருக்கும் பெட்டிக்கும் இடையே கை நுழையும் இடைவெளி விட்டு வையுங்கள். அடுப்படியின் மறுபக்கச் சுவர் கிடைத்தால் நல்லது. இடமே இல்லாத தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் கட்டிலின் அடியில் பலகைமேல் வைக்கிறார்கள். அதுவும் பரணைவிட மேல்.

மூடிய பெட்டிக்குள் ஈரம் ஏறியிருக்கிறதா என்று திறக்காமலேயே தெரிந்துகொள்ள முடியுமா?

திறக்காமல் தெரிந்துகொள்ள முடியாது. ஆனால் திறந்தவுடன் ஒரு பார்வையில் தெரிந்துகொள்ளலாம். ஒரு சிறு கிண்ணத்தில் ஒரு கரண்டி உப்பை வைத்து, அது கவிழாதபடி பெட்டியின் மூலையில் வையுங்கள். சுத்தமான உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தை எட்டும்போது நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் மக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அது இன்னும் முன்னதாகவே கசியும். துணியிலும் காகிதத்திலும் பூசணம் பிடிப்பது ஏறத்தாழ 70 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் தொடர்ந்து நிற்கும்போதுதான் என்பதால், கல்லுப்பு நமக்குச் சரியான நேரத்தில் எச்சரிக்கை தருகிறது. உப்பு நீர் உலோகத்தை அரிக்கும். ஆகவே தகரப் பெட்டியில் ஆழமான பீங்கான் கிண்ணமாக இருக்கட்டும்.

நம் மலையில் இன்னொரு வழியும் உண்டு. காய்ந்த பைன் காய் செதில் விரித்து நிற்கும். ஈரம் ஏறினால் செதில்களை மூடிக்கொள்ளும். ஒரு காயைப் பெட்டியில் போட்டு வைத்தால் அது அலங்காரமாகவும் ஆகிறது, ஈரத்தை அளக்கும் கருவியாகவும் ஆகிறது. மாதம் ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள். காய் மூடியிருந்தால் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் காய வையுங்கள்.

செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துவைத்துப் போடலாமா?

போடலாம், ஆனால் நம் கைக்கு வரும்போதே பல பொட்டலங்கள் ஈரம் குடித்து நிறைந்திருக்கும். நிறம் மாறும் மணிகளாக வாங்கினால் நிலைமை கண்ணுக்குத் தெரியும். நீல மணி நிறைந்தால் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு மணி பச்சையாகும். நீல மணியில் கோபால்ட் உப்பு இருப்பதால், குழந்தைகள் இருக்கும் வீட்டில் ஆரஞ்சு மணியையே வாங்குங்கள். நிறைந்த மணிகளை ஏறத்தாழ 120 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சில மணி நேரம் வைத்தால் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்கென்று ஒரு பழைய தட்டை ஒதுக்குங்கள், அதில் பிறகு சமைக்க வேண்டாம். அரிசியைக் கட்டி வைப்பதாகச் சிலர் சொல்கிறார்கள். அது ஈரத்தை இழுப்பது குறைவு, வண்டை அழைப்பதுதான் அதிகம்.

பூச்சிக்கு நாப்தலீன் உருண்டை போடலாமா?

நான் போடுவதில்லை. குழந்தைகள் அதை மிட்டாய் என்று வாயில் போடும் ஆபத்து ஒருபுறம். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவியே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக்கூடும் என்பது மறுபுறம். பிறந்தநாள் அலங்காரம் போய்ச் சேரும் இடமே குழந்தைகள் இருக்கும் வீடுதான். காய்ந்த வேப்பிலையும் ஒரு துண்டு வசம்பும் துணியில் முடிந்து வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அழுக்கும் உணவுக்கறையும் இல்லாமல் துவைத்து வைத்தாலே பாதிப் பூச்சி வராது. கேக் கிரீம் ஒட்டிய ஒரு தோரணம் போதும், எறும்பும் கரப்பானும் எலியும் பெட்டியைக் கண்டுபிடித்துவிடும்.

சீரியல் செட் ஒவ்வோர் ஆண்டும் பாதிதான் எரிகிறது. தரம் இல்லையா, நாங்கள் வைக்கும் முறை தவறா?

பெரும்பாலும் வைக்கும் முறைதான். இந்தச் சரங்களில் விளக்குகள் பகுதி பகுதியாகத் தொடரிணைப்பில் இருக்கும். ஒரு பகுதியில் ஓர் இடத்தில் கம்பி அறுந்தாலும், இணைப்பில் துரு ஏறினாலும் அந்தப் பகுதி முழுவதும் அணைந்துவிடும். முழங்கையில் சுற்றி முடிச்சுப் போட்டு வைப்பதால் கம்பி ஒரே இடத்தில் மறுபடி மறுபடி வளைந்து அறுகிறது. ஒரு முழ நீளக் கெட்டி அட்டையின் இரு முனைகளிலும் பள்ளம் வெட்டி, தளர்வாகச் சுற்றி, பிளக் வெளியே தெரியுமாறு முடியுங்கள். சுற்றுவதற்கு முன் ஒருமுறை எரியவிட்டுப் பார்த்து, நன்றாக எரிவதற்குப் பச்சை நூலும் பழுதுக்குச் சிவப்பு நூலும் கட்டினால் அடுத்த விழாவின் காலையில் பதற்றம் இருக்காது. வீட்டுக்குள் எரிக்கும் சரத்தை மூடுபனியில் வெளியே கட்ட வேண்டாம்.

பேட்டரியில் எரியும் சரமென்றால், பேட்டரியைக் கழற்றாமல் பெட்டியில் வைக்கவே கூடாது. கசிந்த பேட்டரி சில மாதங்களில் தகடுகளைத் தின்றுவிடும். சிறிய பொத்தான் பேட்டரிகளைக் குழந்தைகள் எட்டாத இடத்தில் தனியாக வையுங்கள். விழுங்கிய பொத்தான் பேட்டரி இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும்; அப்படி நேர்ந்தால் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பலூன் இல்லாமல் பிறந்தநாளா? குழந்தை அழுமே.

குழந்தையை அழ வைக்கும் எண்ணம் எனக்கும் இல்லை. ரப்பர் பலூனை எடுத்து வைக்க முடியாததற்குக் காரணம், வெளிச்சமும் காற்றும் பட்டவுடன் ரப்பர் இற்றுப்போகத் தொடங்குவதுதான். வாங்குவதென்றால் பத்து பலூன் போதும். விழா முடிந்ததும் ஒன்றுவிடாமல் எண்ணிப் பொறுக்கிவிட வேண்டும். ஃபாயில் பலூனை மறுபடி பயன்படுத்தலாம். அதன் வாயில் ஒரு மெல்லிய உறிஞ்சுகுழலைச் செருகினால் காற்று இறங்கிவிடும். தட்டையாக மடித்து வைத்து அடுத்த முறை கைப்பம்பால் ஊதிக்கொள்ளலாம். ஹைட்ரஜன் நிரப்பிய பலூனை மெழுகுவத்தி ஏற்றும் வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அது தீப்பிடித்து வெடிக்கும்.

பலூனை வானில் பறக்கவிடும் வழக்கத்தை மட்டும் கைவிடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன். பறந்தது தேயிலைத் தோட்டத்திலோ சோலையிலோதான் இறங்கும். நம் தெருவுக்குள்ளேயே காட்டெருமை மேய்கிறது, தோட்டத்தில் கரடி நடமாடுகிறது. புல்லோடு ரப்பரையும் ஃபாயிலையும் அவை தின்றால் யாருக்கும் தெரியாமலே இறந்துபோகும்.

பெயர் போட்ட ஃபிளெக்ஸ் பேனர் வீட்டில் நான்கு இருக்கிறது. என்ன செய்வது?

எரிக்க மட்டும் வேண்டாம். பி.வி.சி. எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடும் டயாக்சின்களும் வெளிவரும். விறகு அடுக்கின்மேலும் கோழிக்கூண்டின்மேலும் மழைமறைப்பாகப் போடலாம். படம் உள்ள பக்கத்தை உள்ளே திருப்பிக்கொள்ளுங்கள்.

இனிமேல் செய்வதற்குத் துணிப் பதாகை ஒன்றே போதும். எங்களிடம் இருப்பதில் 'நல்வாழ்த்துகள்' என்ற ஒரே சொல்தான் இருக்கிறது; பெயரும் ஆண்டும் இல்லாததால் காதுகுத்துக்கும் வருகிறது, பணி ஓய்வு விழாவுக்கும் வருகிறது. பெயர் வேண்டும் என்பவர்களுக்காகத் தனித்தனி எழுத்துகள் தைத்திருக்கிறோம். தமிழில் 247 எழுத்தையும் வெட்ட வேண்டியதில்லை. உயிரும் அகர வரிசை உயிர்மெய்யும் வெட்டி, புள்ளி, கால், கொம்பு, விசிறி ஆகியவற்றைத் தனித் துண்டுகளாக வைத்துக்கொண்டால் பெரும்பாலான பெயர்கள் அமைந்துவிடும். உகர ஊகார எழுத்துகள் மட்டும் எழுத்துக்கு எழுத்து உருவம் மாறுவதால் அவற்றைத் தேவைப்படும்போது தனியாகத் தைக்க வேண்டும்.

பூவுக்கு என்ன செய்வது? மேட்டுப்பாளையத்திலிருந்து வரவழைத்தால் செலவு. பிளாஸ்டிக் மாலை பார்க்க நன்றாக இல்லை.

ஏற்கெனவே வாங்கிய செயற்கை மாலையைத் தூக்கி எறியாதீர்கள். சோப்பு நீரில் அலசி, நிழலில் தொங்கவிட்டுக் காய வைத்து, நிறம் போகும் வரை பயன்படுத்துங்கள். புதிதாக வாங்குவதைவிட நம் மலைக் குளிர் தரும் பூக்களைக் காய வைப்பது மேல். ஊட்டிக் கடைகளில் எவர்லாஸ்டிங் என்று விற்கும் பூவின் இதழ் இயல்பிலேயே காகிதம்போல உலர்ந்திருக்கும். மொட்டு அவிழும் பருவத்தில் கொய்து தலைகீழாகத் தொங்கவிட்டால் ஆண்டுக்கணக்கில் நிறம் நிற்கும். வேலியோரத்து ஹைட்ராஞ்சியாக் கொத்தைச் சற்றுத் தோல்பதம் வந்த பிறகு வெட்டிக் காய வைத்தால், நம் அமில மண் கொடுத்த அந்த நீலம் மங்கிய அழகோடு தங்கும். வீட்டுத் தோட்டத்தில் உள்ளதை மட்டும் எடுங்கள். காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிப்பது சட்டப்படி குற்றம்.

வளைவும் சட்டமும் கட்ட உண்ணிச்செடித் தண்டு நன்றாக வளையும். வேக வைத்துப் பட்டை உரித்தால் மூங்கிலுக்கு ஈடாக நிற்கிறது. கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கைவினைஞர்கள் இதே தண்டில் நிஜ யானை அளவில் செய்த யானை உருவங்கள் 2021இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. காட்டை மூடிக் கெடுக்கும் அந்நியச் செடி ஒன்று நம் கல்யாண வளைவாவது எனக்கு மிகவும் பிடித்த விஷயம்.

போன வருடம் கட்டிய அதே அலங்காரத்தைக் கட்டினால் ஊர் என்ன சொல்லும்?

இதைத்தான் எல்லோரும் கடைசியில் தயங்கிக் கேட்கிறார்கள். உற்சவத்துக்கு ஆண்டுதோறும் அதே வாகனத்தில் சாமி வருவதையோ, கிறிஸ்துமஸ் குடிலில் அதே ஆட்டுக்குட்டிகள் நிற்பதையோ யாரும் குறை சொல்வதில்லை. மாறாக, ஒன்று காணாமல் போனால்தான் கேட்பார்கள். வீட்டு விழாவிலும் அதே பழக்கம் வர முடியும். என் தம்பி மகளுக்கு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அதே துணிக்கொடிதான். ஆண்டுக்கு ஒரு கொடி கூடத் தைத்துச் சேர்க்கிறோம். இப்போது தன் கொடிகளை அவளே எண்ணுகிறாள்.

மாற்றம் வேண்டுமென்றால் பின்னணித் துணியை மட்டும் மாற்றுங்கள். பழைய பட்டுப்புடவை ஒன்றே மொத்த இடத்தையும் மாற்றிவிடும். ஊசி குத்தாமல் கிளிப்பால் மாட்டி, முடிந்ததும் மடிக்காமல் குழாயில் சுருட்டி வையுங்கள். ஒரே மடிப்பில் இருந்தால் சரிகை முறியும்.

திறந்து பார்த்தால் பூசணம். எல்லாம் போயிற்றா?

காகிதமும் அட்டையும் போயிற்று. துணியைக் காப்பாற்றலாம். பெட்டியை வீட்டுக்கு வெளியே தூக்கிச் சென்று, மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே தூரிகையால் தட்டிவிட்டு, பிறகு வெந்நீரில் துவைத்து முழு வெயிலில் போடுங்கள். வெள்ளைப் பருத்திக்கு மட்டும் பிளீச்சிங் கரைசல் போடலாம். சிலர் வினிகரால் துடைப்பார்கள். பிளீச்சிங்கையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது, நச்சான குளோரின் வாயு கிளம்பும். காலிப் பெட்டியையும் கழுவிக் காய வைத்த பிறகே மறுபடி அடுக்க வேண்டும்.

இரவல் வாங்கியவர்கள் ஈரமாகத் திருப்பித் தந்தால் எப்படிச் சொல்வது? மனம் நோகுமே.

நான் ஒருமுறை சொல்லாமல் விட்டேன். ஐப்பசி மழையில் திரும்பி வந்த பெட்டியைத் திறந்து பார்க்கக் கூச்சப்பட்டு அப்படியே மூலையில் வைத்தேன். கிறிஸ்துமஸுக்காகத் திறந்தபோது பதினோரு துணித் தோரணங்கள் கறுத்துப் போயிருந்தன. தவறு தந்தவர்மேல் இல்லை, வாங்கி வைத்த என்மேல்தான். அதிலிருந்து, திரும்பி வரும் எந்தப் பெட்டியையும் தந்தவர் முன்னிலையிலேயே திறந்து, பொருட்களை எண்ணி, கயிற்றில் தொங்கவிட்டுவிடுகிறேன். எல்லோருக்கும் ஒரே முறை என்பதால் யாருக்கும் மனம் நோகவில்லை. "காய வைத்துக் கொண்டுவாருங்கள்" என்று சொல்லும் தேவையும் இல்லாமல் போயிற்று. எடுத்துச் செல்லும்போது நோட்டில் எண்ணிக்கையும் கையெழுத்தும் இருக்கட்டும். சிறு முன்பணம் வாங்குவது அவரவர் விருப்பம், நாங்கள் வாங்குவதில்லை.

எடுத்து வைத்து வைத்து வீடே குடோன் ஆகிவிட்டது. எதையாவது கழிக்கலாமா?

கழிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளாக யாரும் தொடாத பொருள் நம்மிடம் இருப்பதைவிட, அதைப் பயன்படுத்தும் அங்கன்வாடியிலோ பள்ளி ஆண்டு விழாவிலோ இருப்பது நல்லது. நாங்கள் மாசி மாதத்தில், வெயில் தெளிந்திருக்கும் ஒரு நாளில், எல்லாப் பெட்டிகளையும் முற்றத்தில் விரித்துப் போட்டு இந்தப் பிரிப்பைச் செய்கிறோம். உப்பை மாற்றுவதும், வசம்பை மாற்றுவதும், பட்டியலைத் திருத்துவதும் அன்றே முடிந்துவிடுகின்றன. கொடுப்பதாக இருந்தால் துவைத்து, காய வைத்து, எத்தனை உருப்படி என்று எழுதிக் கொடுங்கள். கிழிந்த துணி அடுத்த ஆண்டுப் பொருட்களைச் சுற்றப் பயன்படும். தெர்மகோல் மிச்சமிருந்தால் அதையும் எரிக்காமல், உலர் குப்பையோடு தனியாகக் கட்டித் தூய்மைப் பணியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.